வேலியில் ஒரு பொட்டு: கொள்கலன் மென்பொருளும் எங்கள் கோப்புகளும்



சென்ற மாத உரை ஒலிபரப்பான பிறகு ஒரு அம்மா தொலைபேசியில் வந்து கேட்ட கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம். "தம்பி, எங்கட அகதி ஃபைல், ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் இப்ப கொம்பியூட்டரிலதானே கிடக்கு. அதை ஆரும் பூந்து எடுக்கேலாதோ?" என்று கேட்டார். எடுக்க ஏலும் என்பதுதான் உண்மையான பதில். எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கு நூறு வழிகள் இருக்கின்றன. நான் இன்றைக்கு ஒரேயொரு வழியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். அந்த வழிக்கு வேண்டியது மூன்றே மூன்று குறிகள்: ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, ஒரு சாய்கோடு.

கணனியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. ஊரிலே மாவட்டம், கிராமம், ஒழுங்கை, வீடு என்று எழுதுவது போல, கணனியில் கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் கோப்பு என்று சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதுவார்கள். இதைப் பாதை என்கிறோம். இரண்டு புள்ளிகளுக்கு இந்த முகவரி மொழியில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது: "ஒரு படி மேலே போ" என்பதுதான் அது. நான் கோண்டாவிலில் என் வீட்டு அறைக்குள் நிற்கிறேன் என்று வையுங்கள். ஒரு தடவை மேலே என்றால் வீட்டு முற்றம். இன்னொரு தடவை என்றால் ஒழுங்கை. இன்னொரு தடவை என்றால் ஊர். அங்கிருந்து திரும்பி அடுத்த ஒழுங்கைக்குள் இறங்கி, வேறொருவர் வீட்டு அலுமாரி வரைக்கும் போகலாம். எத்தனை படி ஏற வேண்டும் என்று திருடனுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உச்சிக்கு வந்த பிறகு இன்னும் பத்துத் தடவை "மேலே" என்று எழுதினாலும் கணனி உச்சியிலேயே நிற்கும். ஆகவே தாராளமாக இருபது தடவை எழுதிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்குவான்.

ஒரு மென்பொருள் "இந்த வளவுக்குள் மட்டும் சாமான் வை" என்று ஒருவருக்கு இடம் கொடுக்கிறது. அவர் கொடுக்கும் கோப்பின் பெயரிலே இந்தப் புள்ளிகள் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் விட்டால், அந்த வளவின் வேலியில் ஒரு பொட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். படலையில் பூட்டுத் தொங்கும், காவலுக்கு நாயும் நிற்கும். ஆனால் பொட்டுக்குள்ளாலே ஆள் வந்து போவான். இது பழைய வித்தை. 2001 செப்ரெம்பரில் உலகம் முழுவதும் பரவிய நிம்டா என்ற கணனிப் புழு, மைக்ரோசொவ்ற்றின் இணைய வழங்கிகளுக்குள் புகுந்த வழிகளில் இதுவும் ஒன்று. இவ்வளவு பழைய வித்தை புதிய மென்பொருட்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதுதான் எனக்கு வியப்பு.

புதிய மென்பொருள் என்று நான் சொல்வது கொன்ரெய்னர், அதாவது கொள்கலன், என்ற தொழில்நுட்பத்தை. பெயர் கப்பலில் இருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் இருந்து ஹியூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. மல்கம் மக்லீன் என்ற லொறி முதலாளியின் யோசனை அது. உள்ளே என்ன இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் எந்தக் கப்பலிலும் எந்த லொறியிலும் ஏற்றலாம். வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்டிக் கொழும்புக்குக் கப்பலில் அனுப்பியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மென்பொருள்காரரும் இதையேதான் செய்தார்கள். ஒரு நிரலும் அது ஓடுவதற்குத் தேவையான சில்லறைச் சாமான்களும் எல்லாம் ஒரே பெட்டிக்குள். 2013இல் டொக்கர் என்ற மென்பொருள் வந்து இதைப் பரவலாக்கியது. பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் அவற்றை மேய்க்க ஒருவர் தேவைப்பட்டார். 2014இல் கூகிள் நிறுவனம் குபர்நெட்டிஸ் என்ற மேலாண்மை மென்பொருளை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். இன்றைக்கு வங்கி, அரசாங்கக் கந்தோர், வைத்தியசாலை என்று பல இடங்களில் திரைக்குப் பின்னால் ஓடுவது இத்தகைய பெட்டிகள்தான்.

ஆனால் கப்பல் பெட்டிக்கும் கணனிப் பெட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கப்பல் பெட்டியின் சுவர் இரும்பு. கணனிப் பெட்டியின் சுவர் வெறும் ஏற்பாடு. நாங்கள் இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டில் ஆறேழு பேர் அறை எடுத்து இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. ஆனால் குசினி ஒன்று, குளியலறை ஒன்று, வாசல் கதவு ஒன்று. கொள்கலன்களும் அப்படித்தான். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக அடியில் ஒரே இயங்குதளக் கரு ஓடுகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்குத் தான் தனிவீட்டில் இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். குபர்நெட்டிஸை இயக்கும் பொறியியலாளர் தன் மடிக்கணனியில் ஒரு கட்டளைக் கருவி வைத்திருப்பார். அதன் பெயரைச் சிலர் கியூப்-கொன்ரோல் என்பார்கள், சிலர் கியூப்-கட்டில் என்பார்கள். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கருவியில் "சி.பி." என்று ஒரு கட்டளை, நகலெடுப்பதற்கு. தூரத்தில் எங்கோ ஓடும் பெட்டிக்குள் இருக்கும் கோப்பைத் தன் மடிக்கணனிக்குக் கொண்டுவருவதற்கு இதைப் பயன்படுத்துவார்.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கருவி, பெட்டிக்குள் இருக்கும் "ரார்" என்ற நிரலைக் கூப்பிடும். ரார் ஒரு பொதி கட்டும் நிரல். நாடாவில் சேமிக்கும் காலத்தில் இருந்தே இருக்கிறது. அது கோப்புகளை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் "இது இந்த இடத்துக்கு" என்று சீட்டு ஒட்டி அனுப்பும். மடிக்கணனியில் கருவி பொதியை அவிழ்த்து, சீட்டில் எழுதியபடி ஒவ்வொன்றையும் வைக்கும்.

பொதியைக் கட்டுபவர் யார்? பெட்டிக்குள் இருக்கும் ரார். பெட்டி ஏற்கனவே எதிரியின் கையில் விழுந்திருந்தால் அந்த ராரும் எதிரியினுடையதுதான். அவன் சீட்டில் "நாலு படி மேலே போய், திறப்புத் தொங்கும் இடத்தில் இதை வை" என்று எழுதினால், கருவி அப்படியே வைத்துவிடும். மடிக்கணனியில் ஒவ்வொரு தடவையும் தானாக ஓடும் தொடக்கக் கட்டளைக் கோப்பு ஒன்று இருக்கும். அதற்கு மேலே தன்னுடையதை எழுதிவிட்டால், அடுத்த தடவை பொறியியலாளர் கணனியைத் திறக்கும்போது எதிரி சொன்ன வேலையை அது செய்யும். அந்த மடிக்கணனியிலே முழுக் கப்பலுக்குமான திறப்புக் கோர்வை கிடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஒரு பொறியியலாளர் பெட்டிக்குள் இருந்து கோப்பை வெளியே எடுப்பது பெரும்பாலும் எப்போது? ஏதோ பிழை நடக்கிறது, பதிவேட்டைப் பார்ப்போம் என்று சந்தேகப்படும்போதுதான். களவு போன வீட்டைப் பார்க்கப் போன பொலிசுக்காரர் தன் வீட்டுத் திறப்பையே கள்ளனிடம் விட்டுவிட்டு வருவது போன்றது இது.

இந்த ஓட்டை 2018 மார்ச்சில் வெளியே தெரிய வந்தது. உடனே ஒட்டுப் போட்டார்கள். சீட்டிலே புள்ளி புள்ளி சாய்கோடு இருந்தால் அதைத் துடைத்துவிடுவது என்பதுதான் அந்த ஒட்டு. எல்லோரும் அலுவல் முடிந்தது என்று இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச்சில், ட்விஸ்ட்லொக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஏரியல் ஸெலிவான்ஸ்கி அதே கட்டளையில் இன்னொரு வழியைக் காட்டினார். புள்ளியே தேவையில்லை! கணனியில் சிம்லிங்க் என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு அது ஒரு கோப்புறை போல இருக்கும். உண்மையில் அது வேறு இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம். எதிரி முதலில் ஒரு கைகாட்டியை அனுப்புகிறான். கருவி அதை வளவுக்குள் நட்டு வைக்கிறது. பிறகு "அந்தக் கோப்புறைக்குள் இதை வை" என்று இரண்டாவது சாமானை அனுப்புகிறான். கருவி கைகாட்டி காட்டிய வழியே நடந்து வேலிக்கு வெளியே போய்விடுகிறது. சீட்டில் எழுதிய முகவரியில் ஒரு குற்றமும் காண முடியாது.

அதற்கும் ஒட்டுப் போட்டார்கள். அது அரைகுறை என்று 2019 யூனில் அட்ரெடிஸ் நிறுவனம் ஒரு பாதுகாப்புத் தணிக்கையின்போது கண்டுபிடித்தது. திரும்பவும் ஒட்டு. ஓகஸ்ற்றில் அந்த ஒட்டும் போதாது என்று தெரிந்தது. திரும்பவும் ஒட்டு. பிறகு இரண்டு கைகாட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நட்டால் அத்தனை சோதனைகளையும் ஏமாற்றலாம் என்று இன்னொருவர் காட்டினார். ஒரே கட்டளைக்கு ஐந்து தனித்தனிப் பாதுகாப்புக் குறைபாட்டு எண்கள்! வேலையில் இருந்தவர்கள் விளங்காதவர்கள் அல்ல. உலகின் மிகத் திறமையான நிரலாளர்களில் சிலர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் பார்த்தது சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. சாமான் கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்பதல்லவோ பார்க்க வேண்டியது?

2019 செப்ரெம்பரில் வந்த 1.16ஆம் பதிப்பில்தான் இந்தக் கதைக்கு முடிவு கட்டினார்கள். எப்படி? கைகாட்டி மரங்களை இனி வாங்குவதே இல்லை என்று விட்டார்கள். பெட்டிக்குள் இருந்து சிம்லிங்க் வந்தால் கருவி அதை எடுக்காது. அந்த வசதியை நம்பி வேலை செய்தவர்களுக்கு எரிச்சல்தான். என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு, அதை முதல் ஒட்டிலேயே எடுத்திருக்கலாம். ஒரு வசதியைக் காப்பாற்றுவதற்காக நாலு தடவை சுவரைப் பூசியவர்கள் ஐந்தாவது தடவை அந்த யன்னலையே அடைத்தார்கள்.

இதுவரை சொன்னது பெட்டிக்குள் இருந்து வெளியே எழுதும் ஓட்டை. மறுபக்கமாக, பெட்டிக்குள் இருந்துகொண்டு வெளியே இருப்பதை வாசிக்கும் ஓட்டையும் இருக்கிறது. 2021இன் பிற்பகுதியில் கூகிளின் புறொஜெக்ற் ஸீரோ குழுவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் வில்ஹெல்ம், கொன்ரெய்னர்-டி என்ற மென்பொருளில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்டிகளை உண்மையில் ஓட்டுவது இந்த மென்பொருள்தான். குபர்நெட்டிஸ் மேலே இருந்து கட்டளையிட, இது கீழே வேலை செய்யும். ஒரு பெட்டியைச் செய்பவர் "எனக்கு இந்தக் கோப்புறை வேண்டும்" என்று அதன் குறிப்பிலே எழுதலாம். அந்த இடத்தில் புள்ளி புள்ளி என்று எழுதி மேலே ஏறினால், வீட்டுக்காரருடைய அறையில் இருக்கும் கோப்புகளின் நகல் வாடகைக்காரருடைய அறைக்குள் வந்து சேரும். கோப்பைத் திருத்த முடியாது, வாசிக்கலாம். இரகசியத் திறப்புகளைத் திருடுவதற்கு வாசித்தால் போதாதா? 1.6.1 என்ற பதிப்பிலும், பழைய வரிசைகளுக்கு 1.5.10, 1.4.13 என்ற பதிப்புகளிலும் அதைத் திருத்தினார்கள்.

சரி, இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிறீர்களா? 2025 ஒக்ரோபரில் டொக்கர் கொம்போஸ் என்ற கருவியில் இதே இனத்து ஓட்டை வெளிப்பட்டது. எந்தெந்தப் பெட்டிகளை எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்று எழுதிய சமையற்குறிப்பு போன்ற ஒரு கோப்பை வாசிக்கும் கருவி அது. அந்தக் குறிப்பின் ஒரு பகுதியைத் தூரத்தில் உள்ள களஞ்சியம் ஒன்றில் இருந்து எடுக்கச் சொல்லலாம். அங்கிருந்து வரும் துண்டை, அதை அனுப்பியவர் சொன்ன பெயரிலேயே கருவி சேமித்து வைத்தது. பெயரில் புள்ளிகள் இருந்தால்? கதை உங்களுக்கே தெரியும். இதில் இன்னும் மோசம், பெட்டியை ஓட்டக்கூடத் தேவையில்லை. குறிப்பில் என்ன இருக்கிறது என்று "பார்க்க மட்டும்" செய்யும் கட்டளை போதும். 2.40.2 என்ற பதிப்பில் அதைத் திருத்தினார்கள். பிள்ளைகள் யாராவது இந்தத் துறையில் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த இலக்கத்தைச் சொல்லி, அதைவிடப் பழையது எங்காவது ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நேயர்களே, இவ்வளவு நேரமும் இயந்திரங்களைப் பற்றிக் கதைத்தேன். இந்தப் புள்ளி வித்தை கொள்கலன் உலகத்துக்கு வெளியேயும் உண்டு. அங்கே அது மனிதர்களை எப்படித் தொட்டது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் வாங்கியவர்கள் இந்த வானொலியைக் கேட்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பாதை பூட்டி, தபாலும் இல்லாத காலத்தில் அந்த ஒற்றைத் தாளில் வந்த நாலு வரிதான் "உயிரோடு இருக்கிறோம்" என்பதற்குச் சாட்சி. காணாமற் போனவர்களைத் தேடும் வேலையும் அவர்களுடையது. 1990 தொடக்கம் இலங்கையில் மட்டும் 16,000க்கும் அதிகமான காணாமற் போனோர் விபரங்கள் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதியப்பட்டன.

2022 ஜனவரி 19 அன்று அந்தச் சங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. பிரிந்த குடும்பங்களைச் சேர்க்கும் அந்தத் திட்டத்தின் வழங்கிகளுக்குள் ஊடுருவிகள் நுழைந்துவிட்டார்கள். உலகெங்கும் குறைந்தது 60 தேசிய சங்கங்களிடம் இருந்து சேர்ந்த 515,000க்கும் அதிகமானவர்களின் விபரங்கள் அங்கே இருந்தன: போரால் பிரிந்தவர்கள், காணாமற் போனவர்களும் அவர்களின் குடும்பங்களும், தடுப்பில் இருப்பவர்கள். ஊடுருவிகள் நுழைந்த நாள் 2021 நவம்பர் 9. கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18. எழுபது நாட்கள்.

அவர்கள் நுழைந்த வழி என்ன? இது கொள்கலன் மென்பொருள் அல்ல. கடவுச்சொல் அலுவல்களைப் பார்க்கும் ஒரு மென்பொருள். சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மனேஜ்எஞ்சின் பிரிவு செய்தது. அதிலே வாசற்காவலர் முகவரியை எழுதியபடியே வாசித்துப் பார்த்தார். முகவரிக்கு நடுவில் ஒரு புள்ளியும் சாய்கோடும் செருகியிருந்தால், இது நான் தடுக்க வேண்டிய முகவரி அல்ல என்று விட்டுவிடுவார். உள்ளே இருப்பவரோ புள்ளியைக் கழித்துவிட்டு, தடுக்க வேண்டிய அதே அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரே முகவரியை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்ததால் வந்த வினை.

அந்த ஓட்டைக்கான ஒட்டை நிறுவனம் 2021 செப்ரெம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. ஊடுருவல் நடந்ததோ நவம்பரில். ஒட்டை உரிய நேரத்தில் போடத் தவறிவிட்டோம் என்று செஞ்சிலுவைச் சங்கமே பகிரங்கமாகச் சொன்னது. அப்படி வெளிப்படையாகச் சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல அதைச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்த ஒரு தாயின் நிலையில் இருந்து பாருங்கள். தன் பிள்ளை எங்கே என்று தெரிவதற்காக, நம்பி, பெயர், முகவரி, தொடர்பு எல்லாம் கொடுத்தவர். யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்து ஓடி வந்தாரோ, அவர்களின் கைக்கும் அது போயிருக்கலாம் என்ற எண்ணத்தோடு அவர் எத்தனை இரவுகள் கழிக்க வேண்டும்?

இனி எங்கள் வீட்டு அலுவல். பெரிய கந்தோர்களின் வழங்கிகளில் நாங்கள் கை வைக்க முடியாது. ஆனால் எங்கள் கோவில், தமிழ்ப் பாடசாலை, பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் எல்லாவற்றிடமும் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், முகவரி, பிள்ளைகளின் பிறந்த திகதி, ஊரில் யாருக்குக் காசு அனுப்பினோம் என்பதுகூட. யாரோ ஒரு தம்பி நல்ல மனதோடு, இலவசமாக, ஒரு வாடகை வழங்கியில் இரண்டு மூன்று கொள்கலன்களைப் போட்டு ஓட்டிக்கொடுத்திருப்பார். பிறகு அவருக்குக் கலியாணமாகி வேறு நகரத்துக்குப் போயிருப்பார். பெட்டி மட்டும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும், போட்ட நாளில் இருந்த பதிப்போடு. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. கோவிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினால் அதற்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் காசு ஒதுக்குகிறோம், கணனிக்கு ஒதுக்குவதில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் யாராவது எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் பட்டியல் எந்த வழங்கியில் இருக்கிறது? அதன் மென்பொருளைக் கடைசியாக எந்தத் திகதியில் புதுப்பித்தீர்கள்? இப்போது தேவையில்லாத பழைய விபரங்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அழித்துவிட்ட கோப்பைப் பொட்டுக்குள்ளால் வந்தும் எடுக்க முடியாது.

இந்தத் துறையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் நிரலை முழு அதிகாரத்தோடு ஓட்டாதீர்கள். சந்தேகமான பெட்டிக்குள் இருந்து கோப்பு எடுக்க வேண்டி வந்தால், உங்கள் அன்றாட மடிக்கணனிக்கு எடுக்காமல், பிறகு அழித்துவிடக்கூடிய தனி இயந்திரம் ஒன்றுக்கு எடுங்கள். நீங்கள் எழுதும் நிரல் வெளியாள் கொடுத்த பெயரில் கோப்பைச் சேமிக்கிறது என்றால், பெயரைத் துடைத்துத் திருத்திக்கொண்டு இருக்காமல், பாதை முழுவதையும் விரித்து, அது கடைசியில் இறங்கும் இடம் உங்கள் வளவுக்குள்தானா என்று பாருங்கள். அதைவிட நல்லது, அவர் கொடுத்த பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

இந்த உரை பற்றிய கேள்விகளை வழமைபோல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம், கைத்தொலைபேசியில் வரும் போலி வங்கிச் செய்திகளைப் பற்றிக் கதைக்கலாம் என்று இருக்கிறேன். அப்படி ஏதாவது செய்தி வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருந்து வாசித்துக் காட்டுங்கள்.